விண்ணப்பமும் ஒரு மூட்டைச் சிப்பியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் கடை வாசலில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என்னோடு கல்லூரியில் நிலவியல் படித்த உரக்கடைக்காரர் மகன், என் அத்தை மகன். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர், “முடிஞ்சா நானும் வரேன்” என்று சொல்லியிருந்த எங்கள் பேராசிரியர். இன்னொருவர், என் விண்ணப்பத்துக்குப் பதில் போட வேண்டிய சுரங்க அலுவலக மேலாளர். அவர் நேரில் வர வேண்டியதில்லை, ஒரு கடிதமாக வந்திருந்தால் போதும்.

துறையில் எல்லாரையும் பஸ்ஸில் கல்விச் சுற்றுலா கூட்டிப்போனபோது நான் போகவில்லை. ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய் கேட்டார்கள். மீன்சுருட்டியிலிருந்து அப்பா, “நடவு முடியட்டும், தரேன்” என்று சொல்லி அனுப்பினார். நடவு முடிவதற்குள் பஸ் போய்த் திரும்பிவிட்டது. பேராசிரியர் இரக்கமானவர். “நீயே போ. உன் கையாலயே அஞ்சு புதைபடிவம் பொறுக்கு. எங்க எடுத்ததுன்னு ரெக்கார்டுல எழுதி அடுத்த மாசம் மொதத் திங்கக்கிழமை கொண்டா. இல்லேன்னா பிராக்டிகல்ல உக்கார முடியாது,” என்றார். பிராக்டிகல் போனால் வருடம் போகும், வருடம் போனால் ஸ்காலர்ஷிப் போகும். அது போனால் அடுத்த நடவுக்கு எங்கள் வயலில் ஓர் ஆள் கூடுவான்.

அரியலூரில் நான் தங்கியிருந்தது அத்தை வீட்டில். அத்தை மகன் கல்லங்குறிச்சிப் பக்கம் இருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில்தான் லாரிக்குக் கல் ஏற்றும் வேலை பார்த்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்தான்.

“இதுக்கா மாப்ள மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு இருக்க? ஆடு மேய்க்கிறவன்லாம் உள்ள பூந்து வரான். நாமளும் போயி ரெண்டு கல்ல எடுத்துட்டு வந்துடலாம்.”

ஆடு மேய்க்கிறவர்கள் போகலாம். நான் படித்தவன். அனுமதி இல்லாமல் ஓரிடத்துக்குள் நுழைவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று இரவு உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன் என்பது அதில் நான்கு இடத்தில் வந்தது. ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்து நாளில் ஒப்புதல் அட்டை மட்டும், ஊதா முத்திரையும் யாருடையதோ ஒரு சுழியும் தாங்கித் திரும்பி வந்தது. பதில் வரவில்லை. முத்திரை இருப்பதால் அதுவே ஒருவகை அனுமதிதான் என்று முடிவு செய்தேன். அந்த அட்டையையும் விண்ணப்பத்தின் நகலையும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு வாடகை சைக்கிள், மூன்று ஆள். உரக்கடைக்காரர் மகன் தனியாக மிதித்தான். அத்தை மகன் என்னைப் பின்னால் வைத்து மிதித்தான். ஊரைத் தாண்டியதும் எல்லாம் வெள்ளை. லாரி போகும்போதெல்லாம் எழும் தூசியில் கருவேல மரங்கள் மாவுக்கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவை போல நின்றன. வழி நெடுக, மெஷின் வருவதற்கு முந்தைய காலத்துக் குழிகள். கடப்பாறையும் சம்மட்டியுமாகக் கையாலேயே வெட்டியவை. அவற்றில் பச்சைத் தண்ணீர் தேங்கி, எருமைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக் கிடந்தன. அத்தை மகன் ஒவ்வொன்றுக்கும் ஹாண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்துக் காட்டினான். “இது எங்க பெரியப்பா செட்டு வெட்டுனது. இது கல்லு சரியில்லன்னு வுட்டது. இதுல ஒரு லாரியே கவுந்துச்சு.”

உரக்கடைக்காரர் மகன் விடவில்லை. “பல கோடி வருஷத்துக்கு முன்னாடி இதெல்லாம் கடல். நாம இப்ப கடலுக்கு அடியில போயிட்டிருக்கோம்.”

“அப்புடியா?” என்றான் அத்தை மகன். “அதான் எங்க வூட்டுக் கெணத்துல இன்னும் உப்பு போவலையா?”

சுரங்க வாசலில் ஒரு மூங்கில் கழி குறுக்கே கட்டியிருந்தது. அதன் கீழே குனிந்து விறகுக்கட்டோடு இரண்டு பெண்கள் வெளியே வந்தார்கள். பக்கத்து இடைவெளியில் ஓர் ஆட்டுக்கூட்டம் உள்ளே போயிற்று. வாட்ச்மேன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அத்தை மகனைப் பார்த்து, “என்னடா, இன்னிக்கு உனக்கு வேலை இல்லையே?” என்று கேட்டார். அந்த நேரத்தில் சும்மா நடந்திருந்தால் நாங்களும் போயிருப்போம்.

நான் விண்ணப்பத்தின் நகலை எடுத்து நீட்டினேன்.

வாட்ச்மேன் பீடியைக் கீழே போட்டார். ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கண்டதும் அவர் நிமிர்ந்து நின்ற விதம் எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தகரக் கொட்டகைக்குள் போனார். திரும்பி வந்தபோது கூடவே ஒரு கிளார்க் வந்தார்.

“நீங்கதானா அந்த ஆளு? உங்க மனு வந்திருக்கு. ஹெட் ஆபீசுக்கு அனுப்பியிருக்கு. அங்கேருந்து உத்தரவு வரணும்.”

“வந்துதுன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே சார்,” என்று ஒப்புதல் அட்டையைக் காட்டினேன்.

“வந்துதுன்னுதான் போட்டிருக்கோம். உள்ள வான்னு போடல. மனு நிலுவையில இருக்கறப்ப உங்கள உள்ள வுட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?”

“அவங்க போறாங்களே?” ஆட்டுக்காரரைக் காட்டினேன்.

“அவங்க யாரும் மனு போடலையே தம்பி!”

கிளார்க் அத்தை மகன் பக்கம் திரும்பினார். “நீ இவரு கூட வந்தவனா?”

“இவரு யாருன்னே தெரியாதுங்க. வழியில லிப்ட் கேட்டாரு,” என்றான் அத்தை மகன். ஐந்து மைல் தூரம் என்னைப் பின்னால் வைத்து மிதித்த வியர்வை அவன் நெற்றியில் அப்படியே இருந்தது. பிறகு சம்பளச் சீட்டு விஷயமாக மேஸ்திரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கழிக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டான். அவன் பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து, வாசலிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாத ஒரு வேலி ஓரத்திலிருந்து விசில் வந்தது. போனோம். அத்தை மகன் தோளில் ஒரு சாக்கு மூட்டையோடு நின்றான். உள்ளே முழுக்கக் கல்லாகிப்போன சிப்பி. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், அழகாகச் சுருண்டு, இன்னும் மூடிக்கொள்ளும் போல.

“அஞ்சுதாண்டா கேட்டேன்.”

“நீ கல்லுன்ன. நான் லோடு ஏத்துறவன். அஞ்சு கல்லுல்லாம் எனக்கு எண்ணத் தெரியாது.”

பேராசிரியர் சொன்னது நினைவில் இருந்தது. அந்த மூட்டையில் கைவிட்டு, என் கையாலேயே, ஐந்தைப் பொறுக்கினேன். மிச்சத்தைக் கொட்டிவிடலாம் என்றேன். அவன் சம்மதிக்கவில்லை. “உன் வாத்தியாரு இது பத்தாதும்பாரு. அப்ப திரும்ப யாரு வர்றது? நீ மனு போட்டு வருவியா?”

மூட்டையைக் காரியரில் வைத்துக் கட்டினோம். கல்லங்குறிச்சியை நெருங்கும் முன்பே ஒரு பள்ளத்தில் இறங்கிப் பின் சக்கரம் கோட்டம் அடித்தது. போக்ஸ் கம்பிகள் படபடவென்று தெறித்தன. பிறகு தள்ளிக்கொண்டுதான் போனோம். பெருமாள் கோயில் பக்கம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, மூட்டையையும் எங்கள் கோலத்தையும் பார்த்துவிட்டு, “என்ன வேண்டுதல் தம்பி, கல்லு சுமக்கிறீங்க?” என்று கேட்டார்.

“மாப்ள பாஸாவணும்னு வேண்டுதலுங்க,” என்றான் அத்தை மகன். அந்த அம்மா எங்கள் மூவருக்கும் தொன்னையில் பொங்கல் கொடுத்தார்.

திங்கட்கிழமை பேராசிரியர் ஐந்து சிப்பிகளையும் பார்த்தார். நன்றாக இருக்கின்றன என்றார். பிறகு கேட்டார்: “மைன்ஸுக்குள்ள எடுத்ததா? அனுமதி வாங்கினியா?”

சட்டைப்பையில் வேறெதுவும் இல்லாததால் ஒப்புதல் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் முத்திரையைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார். “பஸ்ல போன முப்பது பேர்ல ஒருத்தன் இப்படி முறையா எழுதிக் கேட்டிருப்பானா?” என்று அதை என் ரெக்கார்டிலேயே ஒட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிராக்டிகலில் உட்கார்ந்தேன், தேறினேன்.

தேர்வு முடிந்து மாம்பழக் காலமும் போனபின் மீன்சுருட்டிக்கு ஒரு நீளக் கவர் வந்தது. என் மனு பரிசீலிக்கப்பட்டதாம். வேலை நாளில், அடையாள அட்டையோடு வந்து, இரண்டு கிலோவுக்கு மிகாமல் எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் ஐந்து ரூபாயை முன்னதாகச் செலுத்தவும். ஊருக்கு வந்திருந்த அத்தை மகன், “கிழிச்சிப் போடுடா,” என்றான். ஆனால் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆபீஸிலிருந்து வந்த முதல் கடிதம் அது. அப்பா அதை மடிப்புக் கலையாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்திருந்தார். மேலும், நாங்கள் எடுத்தது இரண்டு கிலோவுக்கு எவ்வளவோ மேல். போய் ஐந்து ரூபாயைக் கட்டிவிட்டு வந்தேன்.

மிச்சச் சிப்பிகள் அத்தை வீட்டுக் கொல்லையில் துவைக்கும் கல்லுக்கு முட்டுக் கொடுத்தபடி கிடந்தன. சக்கரத்துக்கான காசை அத்தை மகன் நாலு லாரி கூடுதலாக ஏற்றிக் கட்டினான். பதிவுத் தபால் மூன்று, இரண்டு சைக்கிள் வாடகை எட்டு, ரிம்மும் போக்ஸும் கோட்டம் எடுத்த கூலியும் இருபத்திரண்டரை, டீயும் பன்னும் இரண்டே கால், கடைசியில் கட்டிய ஐந்து. ஆக, முப்பத்தைந்து ரூபாய் இல்லாததால் எங்களுக்கு ஆன செலவு நாற்பது ரூபாய் எழுபத்தைந்து காசு.