எட்டு மணி இருட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் திருவனந்தபுரத்தில் தினமும் அரைமணி நேரம் கரண்ட் கட். கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவுக்கு ராத்திரி எட்டிலிருந்து எட்டரை. எந்த அரைமணி ஜனங்களுக்குச் சௌகரியம் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத, மின்சார ஆபீசில் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். தமிழும் மலையாளமும் பேசுவேன் என்று எனக்கும் வேலை கிடைத்தது. கையில் ஃபாரம், கழுத்தில் அட்டை. கலெக்டர் கெட்டார் போங்கள்!

கதவைத் திறந்ததெல்லாம் ஆண்கள்தான். சொல்லிவைத்தாற்போல ஒரே பதில்: ஆறரை. அந்த நேரம் வீட்டுக்கு வீடு சுவாமி விளக்கு ஏற்றிவிடுவார்கள். கரண்ட் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. எங்கள் வீட்டு ஃபாரத்தையும் அப்பாவைக் கேட்டுத்தான் நிரப்பினேன்.

"ஆறரைன்னே போட்டுக்கோ. எட்டு மணிக்கு ஒரு நியூஸ் பாக்க முடியறதா, கஷ்டகாலம்!" என்றார்.

அம்மா உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். இருட்டில் சமைக்கிற தொல்லை விட்டால் அவளுக்கும் நல்லதுதானே என்று நானே முடிவு கட்டிவிட்டேன். என் மண்டையில் நறுக்கென்று குட்டியிருக்க வேண்டும்.

அடுத்த மாதமே நேரம் மாறியது. தெருவே என்னைக் கொண்டாடியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் எட்டு மணிக்கு வீடெல்லாம் வெளிச்சம். அப்பாவும் அண்ணனும் டிவி முன்னால் தட்டோடு உட்கார்ந்து, தோசை, குடிக்க வெள்ளம், சட்னி என்று மாற்றி மாற்றிக் குரல் கொடுத்தார்கள். அம்மா அடுப்புக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"இப்போ சௌகரியம்தானேம்மா?" என்றேன் பெருமையாக.

அம்மா நின்றாள். "கரண்டு போனா எல்லாரும் காத்துக்கு வாசல்லே போய் நிப்பேள். நான் சித்த நாழி காலை நீட்டிண்டு உக்காருவேன். ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டா. எனக்குன்னு இருந்தது அந்த அரை மணிக்கூர்தான்டி. தெரு பூரா கேட்டியே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் ஆபீசில் போய்க் கெஞ்சினேன். "இனி ஒண்ணும் பற்றில்லா, மோளே" என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார்.

அன்று எட்டு மணிக்கு மெயின் சுவிட்சை நானே அணைத்தேன்.

"எதிராத்துல லைட் எரியறதே!" என்று அப்பா கத்தினார்.

"நம்மாத்து ஃப்யூஸ் போயிடுத்துப்பா. அரை மணி ஆகும். வாசல்லே போய் நில்லுங்கோ."

முணுமுணுத்துக்கொண்டே அப்பாவும் அண்ணனும் வெளியே போனார்கள். இருட்டில், "அப்பாடா" என்று அம்மா கால் நீட்டி உட்காருவது கேட்டது. அந்தக் குரலுக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன்.