ஃப்ளெக்ஸிலிருந்து வெட்டி எடுத்த முகம்

இந்த நேரத்தில் நம்ம குழுவில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போட்ட பாப்பா இப்போதுதான் அழுது ஓய்ந்து தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

புது ஃப்ளெக்ஸ் பேனருக்கு ஒரு வாசம் உண்டு. மண்ணெண்ணெயும் புது செருப்பும் கலந்த மாதிரி... கை கழுவினாலும் போகாது. படிப்பு முடித்து உசிலம்பட்டியில் எனக்குக் கிடைத்த முதல் வேலையை நினைத்தால், முதலில் அந்த வாசம்தான் வருகிறது.

பெண்களுக்கான தையல் பயிற்சி மையம். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வருவார்கள். வீட்டில் சொந்தமாகப் பத்து ரூபாய் செலவழிக்கக் கணக்குச் சொல்ல வேண்டிய பெண்கள். அவர்களைத் தேடிக் கூட்டிவருவது, பயிற்சி முடிந்ததும் கார்மென்ட்ஸ் கம்பெனியில் சேர்த்துவிடுவது... இதுதான் என் வேலை.

முதல் பேட்ச் முடிய ஒரு வாரம் இருந்தது. பன்னிரண்டு பேருக்கும் வேலை உறுதி. தலைகால் புரியவில்லை எனக்கு. நம்ம ஊரில் காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ், கபடியில் ஜெயித்தாலும் ஃப்ளெக்ஸ். இந்தப் பெண்களுக்கு யார் வைத்தார்கள்? நான் வைப்பேன் என்று கிளம்பிவிட்டேன்.

கடைக்கார அண்ணன் கேட்டார், "எல்லா மூஞ்சியும் ஒரே சைஸா போட்டா எடுப்பா இருக்காது மேடம். நடுவுல ஒருத்தரப் பெருசா வைப்பமா?"

யோசிக்கவே இல்லை. பாண்டியம்மா அக்கா என்றேன். காலர் தைப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. போட்டோ எடுத்தபோது மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே இருந்தார். "வெக்கப்படாதீங்கக்கா, நிமிந்து பாருங்க" என்று நான்தான் முந்தானையை விலக்கிவிட்டேன்.

வெட்கம் என்றுதான் நினைத்தேன்...

ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் ரோட்டைப் பார்த்தபடி மைய வாசலில் பேனரைக் கட்டினோம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக எங்கள் சுவர் தெரிந்தது. சுற்றி பதினோரு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் பொறாமை புடிச்சவன் கிழிச்சான்னு தெரியலையே டீச்சர்!" என்று கத்தினேன்.

தையல் சொல்லிக்கொடுக்கும் செல்வி டீச்சர் பக்கத்தில் போய் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "கிழிக்கல. அளவெடுத்த மாதிரி வெட்டியிருக்கு. நம்ம கத்தரிம்மா இது" என்றார், மெதுவாக.

ஒன்பது மணிக்குப் பாண்டியம்மா அக்கா வழக்கம்போல வந்தார். பையிலிருந்து நான்காக மடித்த தன் முகத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். இன்னைக்குச் சந்தை. எங்க மாமனாரு ஆட்டுக்குட்டியப் புடிச்சுக்கிட்டு இந்த வழியாத்தான் வருவாரு. அதான் மொத பஸ்ஸுல வந்து, டீக்கடை ஸ்டூலப் போட்டு ஏறி வெட்டிட்டேன்."

"அவருக்கு நீங்க இங்க வர்றது தெரியாதா?"

"களையெடுக்கப் போறேன்னு சொல்லித்தான மேடம் வாரேன், இம்புட்டு நாளும்."

ஆறு மாதம்! தினமும் வீடு போகும் முன் கையிலும் காலிலும் மண்ணைப் பூசிக்கொண்டு போயிருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை.

அக்காவின் கணவருக்குக் கேரளாவில் வேலை. வீட்டில் மாமனார் வைத்ததுதான் சட்டம். முந்தின வருடம் அக்காவை வேலைக்குக் கூட்டிப்போக மில் வேன் வந்தபோது வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாராம். "வெயில்ல குனிஞ்சு கெடந்தா நல்ல பொம்பளையாம். ஃபேனுக்குக் கீழ உக்காந்து தச்சா கெட்டுப்போயிருவேனாம். மொதச் சம்பளத்தக் கையில வாங்கிட்டுச் சொல்லிக்கிறேன் மேடம். அதுவரைக்கும் என்னையக் காட்டிக் குடுத்துறாதீங்க."

அவருடைய வேலையை நானே பறித்திருப்பேன்... அதுவும் கௌரவிக்கிறேன் என்ற பேரில். அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை. பேனரை அவிழ்த்துச் சுருட்டினேன். ஆபீஸில் கேட்டதற்கு, காற்றில் கிழிந்துவிட்டது என்று சொன்னேன்.

அவர் கம்பெனியில் சேர்ந்த அதே மாதம் எனக்குக் கல்யாணம். வேலையை விட்டுவிட்டு, கணவர் வீடு இருக்கும் கோச்சடைக்கு வந்துவிட்டேன். பிறகு அவர் என்ன ஆனார் என்று தெரியாது. கேட்கப் பயம் என்பதுதான் உண்மை.

இன்று காலை ஆஸ்பத்திரி வரிசையில் தோளைத் தட்டினார்கள். "மேடம், என்னையத் தெரியுதா?"

பாண்டியம்மா அக்கா! மெஷின் ஊசி விரலில் ஏறிய ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்திருந்தார். இப்போது சூப்பர்வைசராம். கழுத்தில் அடையாள அட்டை.

"மாமனார் என்ன சொன்னாருக்கா?" அதைத்தான் முதலில் கேட்டேன்.

"மொதச் சம்பளத்த வச்சுக்கிட்டுச் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி சாப்புடல. மறுநாளு சாப்புட்டாரு. அம்புட்டுத்தான்" என்று சிரித்தார்.

பிறகு கேட்டார், "நீங்க இப்ப எங்க மேடம் வேலை பாக்குறீங்க?"

பாப்பாவைக் காட்டினேன்.

"அதுக்கென்ன? புதுசா வாற பொம்பளைகளப் பாத்துக்கிற வேலைக்கு எங்க கம்பெனியில ஆள் தேடுறாக. புள்ளைய விடுறதுக்கு அங்கனயே ரூம் இருக்கு, ஆயா இருக்கு. நாளை மதியத்துக்குள்ள சொல்லுங்க, நான் பேசுறேன்."

வீட்டுக்கு வந்தேன். "ஏன் இம்புட்டு நேரம்?" என்று கணவர் கேட்டார். "ஆஸ்பத்திரியில கூட்டங்க" என்றேன்.

அவ்வளவுதான். அக்காவைப் பார்த்ததைச் சொல்லவில்லை. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணவர் கோபக்காரர் இல்லை, யாரும் என் வாசலில் குறுக்கே உட்காரப் போவதும் இல்லை. ஆனாலும் பொய் எத்தனை சரளமாக வந்தது! அப்போது ஊர் ஊராகப் போய் "தைரியமா வீட்டுல சொல்லுங்க" என்று பேசியவள் நான். இப்போது அடுத்த அறையில் தூங்குகிறவரிடம் சொல்ல நாளை காலை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பாப்பா அங்கே அழுவாளோ, பால் குடிப்பாளோ என்ற பயம் தனி.

கைக்குழந்தையோடு மறுபடி வேலைக்குப் போனவர்கள் நம்ம குழுவில் இருப்பீர்கள். வீட்டில் முதலில் எப்படிச் சொன்னீர்கள்? நாளை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.