குமிழி அடக்கிய மூச்சு

வால்வின் வாயில் எச்சில் தொட்ட விரலை வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொள்கிறார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது பேசினால் அவருக்குப் பிடிக்காது. பஞ்சர் கடைக்காரரான இவரைத் தெருவே 'குமிழி' என்றுதான் கூப்பிடும். ஷாம்பூ பாட்டிலில் சோப்புத் தண்ணீர், மனைவி தூக்கிப் போட்ட பவுடர் டப்பாவின் கண்ணாடி, சட்டைப்பையில் ஒரு சாக்பீஸ். சக்கரத்தைக் கழற்றுவது கடைசியில்தான். "காய்ச்சல்னு வந்தவனுக்கு எடுத்ததுமே வயித்தையா கிழிப்பாங்க?" என்பார். என் ஸ்கூட்டரை ஒருமுறை ஒரு மணி நேரம் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது, அடுப்பும் படுக்கையுமாக ஒரு வீட்டையே ஏற்றிய வேன் வந்து நின்றது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன், மனைவி. நான்கு நாளில் மகளுக்குத் தலைப்பிரசவம், நடுவில் மலைப்பாதை. பின்பக்கத்து ரெட்டைச் சக்கரத்தில் உள் டயர் தினமும் காற்று இறங்குகிறது. மூன்று கடைகளில் கழற்றித் தொட்டியில் முக்கியும் ஒன்றும் அகப்படவில்லையாம்.

"ரயில்ல போலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா?" என்றார் அந்த அம்மாள்.

"உள்ள இருக்கறது இறங்கினா வெளிய தெரியாதும்மா. ரெண்டு மருமக இருக்கற வீட்ல ஒருத்தி படுத்துட்டா, மொத்த வேலையும் இன்னொருத்தி தலையில. மலை ஏறும்போது அவளும் வெடிச்சிருவா" என்றார் குமிழி.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மகளுக்குப் போன் போட வேனுக்குள் போய்விட்டார்.

கணவர் ஸ்பேனரோடு குனிந்தார். "இருங்க, இந்தக் குழாயைக் கழட்டித் தரேன். உள் வால்வு கைக்கு எட்டலைன்னு நானே வாங்கி மாட்டினது. தினம் காலையில இதுலதான் காத்து அளக்கறேன்." குரலில் கொஞ்சம் பெருமை.

"மத்த கடையிலயும் நீங்கதான் கழட்டிக் குடுத்தீங்களா சார்?"

"ஆமா."

"அப்ப அது இருக்கட்டும்."

குழாய் வால்வோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரை விட்டுக் கண்ணாடியைப் பின்னால் பிடித்தார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். கடுகளவு ஒரு குமிழி முளைத்து, பெருத்து, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று முளைத்தது. தினமும் அளந்து அளந்தே மரை தளர்ந்துவிட்டது. ஓட்டையைக் கழற்றித் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, டயரை மட்டும் முக்கச் சொல்லியிருக்கிறார் மனிதர். அவர் முகம் தொங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

குமிழி குழாயைக் கழற்றினார். வால்வுக்குப் புது ஊசி போட்டு, நீள மூக்குக் குழலால் காற்று அடித்து, அரை மணி நேரம் கண்ணாடியிலேயே கண்ணாக இருந்தார். எதுவும் முளைக்கவில்லை. "வாரம் ஒரு தடவை பார்த்தா போதும் சார். ஏதாவது ஒரு கடையில பாருங்க" என்றார் மெதுவாக.

வேன் கதவு திறந்தது. "கண்டுபிடிச்சாச்சா தம்பி? எங்க ஓட்டை?"

கணவர் தரையைப் பார்த்தார்.

"வால்வுப் பக்கம்மா. சரி பண்ணியாச்சு. பொண்ணுகிட்ட கிளம்பிட்டோம்னு சொல்லுங்க" என்றபடியே குமிழி அந்தக் குழாயைச் சுருட்டி, சாக்பீஸுக்குப் பக்கத்தில் தன் சட்டைப்பையில் திணித்து, பொத்தானைப் போட்டார்.