எந்தப் புள்ளியைத் தொட்டாலும் வடிவேல்

பிள்ளைச்சாவடி வடிவேலுக்கு எலக்ட்ரீஷியன் வேலை நன்றாகத் தெரியும். ஆள் பிடிக்கத்தான் தெரியாது. கூப்பிட்டால் போவார், முடித்ததும் வாய் திறக்காமல் வந்துவிடுவார். அப்படிப்பட்டவரை ஊர் எங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறது?

அவர் மகள் சுமலதா 2007இல் ஜூலியன் என்பவரின் சின்ன வெப்சைட் கம்பெனியில் சேர்ந்தாள். முதல் வேலையே புதுச்சேரி எலக்ட்ரீஷியன்களுக்கான சைட். திரையில் ஊர் மேப், ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி. அழுத்தினால் பெயரும் செல் நம்பரும் வரும். அகர வரிசையில் அமலநாதன் முதல், அவள் அப்பா கடைசி. அப்பாவின் புள்ளியை அழுத்தினாள், சரியாக வந்தது. அந்தப் பூரிப்பில் மற்ற புள்ளிகளை அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

சைட் வெளியான வாரமே வடிவேலின் செல் ஓயாமல் அடித்தது.

"கோரிமேட்டுல, காலாப்பட்டுல எல்லாம் பேரச் சொல்லிக் கேக்கறாங்கம்மா. செஞ்ச வேல பேசுது" என்றார். பேசாத மனிதர் விசிட்டிங் கார்டுகூட அடித்துக்கொண்டார்.

பிறகு அமலநாதன் ஆபீசுக்கே சண்டைக்கு வந்தார். "எம் புள்ளிய அழுத்துனா எவனோ வடிவேல் வர்றான் சார்!"

ஜூலியன் ஒவ்வொன்றாக அழுத்தினார். எல்லாமே வடிவேல்.

"உங்க அப்பாதான? வேலைக்கு வந்தியா, அவருக்கு ஆள் புடிச்சுத் தர வந்தியா?"

வேலை போனால் போகட்டும், திருட்டுப் பட்டத்தோடு போவதா? சுமலதா புரோகிராம் கோடைத் திறந்து பார்த்தாள். புரிந்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் நொடியில் ஓடி எல்லாப் புள்ளிகளையும் நட்டுவிடுகிறது. பெயரை வைத்திருப்பதோ ஒரே வேரியபிள், அழித்து அழித்து எழுதும் ஒரே சிலேட்டு. ஆள் வந்து அழுத்துவது எப்போதோ. அதற்குள் சிலேட்டில் கடைசிப் பெயர்தான் மிச்சம்.

"சார், லிஸ்ட்டத் தலைகீழாப் போடறேன், பாருங்க."

இப்போது எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அமலநாதன்.

"இது சரியாத்தான இருக்குது, இப்பிடியே வுட்டுடுங்க" என்றார் அமலநாதன். ஜூலியன் சிரித்துவிட்டார். அவள் வேலை தப்பியது.

லூப்புக்குள் ஒவ்வொரு புள்ளிக்கும் தனிச் சிலேட்டு மாதிரி ஒரு ஃபங்ஷன் கொடுத்து, அந்தந்தப் பெயரை அதனுள்ளே பத்திரப்படுத்தினாள். அன்றிலிருந்து அவரவர் புள்ளியில் அவரவர் பெயர்.

வடிவேலின் செல் அடங்கிப்போனது. சில நாள் பொறுத்தவர், ஒரு சாயங்காலம் மகளிடம் வந்து நின்றார்.

"ஏம்மா, நான் எங்கனா வேலையக் கெடுத்துட்டனா? ஒருத்தரும் கூப்புடல."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் செய்யாத தப்பை அவர் தேடிக்கொண்டிருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"நீ ஒண்ணும் கெடுக்கலப்பா. தப்பு என் வேலையில. யாரத் தேடுனாலும் உம் பேரு வந்துச்சு. இப்ப சரி பண்ணிட்டேன்."

வடிவேல் சட்டைப் பையிலிருந்த விசிட்டிங் கார்டை எடுத்துப் பார்த்தார்.

"அப்ப, கூப்ட்டவங்களுக்கெல்லாம் என்னத் தெரியாதா?"

"தெரியாதுப்பா" என்றாள் சுமலதா.