நான்காம் பக்கத்தில் ஏழு பெண்கள்

அடிக்கோலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே படிக்கிறார் அக்கா. முப்பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய நாளிதழ்த் தொகுப்பு. தொட்டால் ஓரம் உதிர்கிறது. மதிய இடைவேளையில் பத்து நிமிடத்தில் சாப்பாட்டை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை வேலையிடத்துக்கு எதிரிலிருக்கும் நூலகத்தில் கழிப்பது பன்னிரண்டு வருடப் பழக்கம். நோட்டில் கோடு போட்டுப் பிரித்த நான்கு கட்டங்கள்: பெயர், தேதி, பக்கம், ஆதாரம்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முடிவுகளைக் கணினியில் ஏற்றுவது உத்தியோகம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் பெண்ணுரிமைக் கட்டுரைகளைச் செப்பனிடுவது அவர் மனம் வைத்த வேலை. வாக்குரிமை, சொத்துரிமை, சம ஊதியம் என்று எதில் யார் எதைச் சேர்த்தாலும், எங்கே அச்சாகியிருக்கிறது என்று கேட்டுவிடுவார். பதில் வராவிட்டால் வரி போய்விடும். கூடத்தில் அவருக்கு ‘ஆதாரம் அக்கா’ என்றே பெயர். கேலி காதில் விழுந்தால், “சாம்பிள் இல்லாம ரிசல்ட் எழுதுவீங்களா?” என்பார், தலை நிமிராமல்.

போன மாதம் தம்பி ஒரு காரியம் செய்தான். நூற்பாலைப் பெண்கள் பிரசவ விடுப்புக் கேட்டு இருபத்துமூன்று நாள் வேலையை நிறுத்தியதைப் பற்றிய கட்டுரையில், முன்னின்று நடத்தியவர் என்று அம்மாவின் பெயரைச் சேர்த்துவிட்டான். அம்மாவுக்கு வாசித்தும் காட்டினான். ஆலை இரைச்சலில் காது மந்தமானவர். ஐந்து முறை உரக்கப் படிக்கவைத்தார்.

மறுநாள் அந்த வரியை நீக்கியது அக்காதான். சான்று இல்லை. போதாததற்குச் சொந்த அம்மா.

“நான் அம்மா வயித்துல ஆறு மாசம். என்னைவிடச் சாட்சி வேணுமா உனக்கு?” என்று தம்பி போனில் கேட்டான்.

“கண்ணால பாத்தியாடா?”

அவனுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது, கோபம் பிறகு. “அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ” என்று வைத்தவன் அப்புறம் பேசவில்லை. அக்காவும் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை; பக்கத்தைக் காட்டச் சொன்னபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். அதற்குள் எப்படியாவது ஒரு சான்று அகப்படாதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

இன்று அகப்பட்டது. நான்காம் பக்கத்தில் ஒரு புகைப்படம். ஆலை வாசலில் ஏழு பெண்கள். மூன்றாவதாக, மேடிட்ட வயிறோடு அம்மா. பக்கத்துச் செய்தியில், பேச்சுவார்த்தைக்குப் போன ஐந்து ஆண்களுக்கும் தலைப்பெழுத்தோடு பெயர் இருந்தது. படத்தின் கீழே, ‘போராட்டத்தில் ஈடுபட்ட பெண்களில் சிலர்’. அடிக்கோல் அங்கேயே நின்றுவிட்டது. கட்டுரையிலும் ‘பெண்களில் சிலர்’ என்றே எழுதி, தேதியும் பக்கமும் கொடுத்துவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் அம்மா வழக்கம்போல, “அந்தப் பக்கத்தைக் காட்டுடி” என்றார்.

அக்கா காதருகே குனிந்தார். “அதுல இப்ப உன் பேரு இல்லம்மா. நான்தான் எடுத்தேன்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். நாளிதழிலிருந்து கைபேசியில் பிடித்துவந்த படத்தை அக்கா நீட்டினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அம்மா வெகுநேரம் பார்த்தார். தன் முகத்தைத் தாண்டிப் போன விரல் ஓரத்தில் நின்றவள்மேல் நின்றது.

“இவளுக்கு மெஷின் பக்கத்துலயே வலி கண்டுடுச்சு. இவளாலதான் நாங்க அத்தனை பேரும் வெளிய வந்தோம். இவ பேரை எழுதிக்கோ முதல்ல.”

ஏழு பேரையும் ஒவ்வொருவராகத் தொட்டுச் சொன்னார். அக்கா நோட்டைப் பிரித்து எழுதினார். பெயர், தேதி, பக்கம். ஆதாரம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நோட்டை அம்மா பக்கம் திருப்பி, பேனாவை அவர் கையில் கொடுத்தார்.