கிரேட்டிங்கில் வைத்த பொட்டு

அமிர்தவல்லியை ஓரிடத்தில் உட்காரவைக்க யாராலும் முடியாது. எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பதினோரு வருஷமாகத் தற்காலிக உதவியாளர். உப்பளம் ஏரியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் மாலைவரை கால் நிற்காது. பாதரச விளக்கைப் போடுவார், ஸ்பெக்ட்ரோமீட்டரை மட்டம் பார்ப்பார், பச்சைக்கோடு தெரியவில்லை என்று எவனாவது கத்தினால் அங்கே ஓடுவார். பார்க்கிற எனக்குத்தான் மூச்சு வாங்கும்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த அன்று காலை கிரேட்டிங் பெட்டியைத் திறந்தேன். கிரேட்டிங் என்பது சின்னக் கண்ணாடித் துண்டு. அங்குலத்துக்குப் பதினைந்தாயிரம் கோடு. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும். ஒவ்வொரு நிறமும் விலகும் கோணத்தை வைத்து அதன் அலைநீளத்தைக் கணக்கிடுவோம். விரல்கூடப் படக்கூடாது. அதன் நட்டநடுவில் சந்தனம், மேலே குங்குமம்!

"இன்னா காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

"எல்லாத்துக்கும் வச்சேன் மேடம், கை பழக்கத்துல இதுக்கும் வச்சுட்டேன். தொடச்சா கோடு போயிடும்னு அப்படியே வுட்டுட்டேன்."

மறுநாள் செய்முறைத் தேர்வு. நல்ல கிரேட்டிங் அது ஒன்றுதான். ஆத்திரத்தில், பொறுப்பில்லாதவர் என்று எழுதி பிரின்சிபாலுக்கு அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு அவர் பணி நிரந்தரப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறார். அதில் அமிர்தவல்லி பெயரும் உண்டு. தெரிந்தேதான் எழுதினேன்.

விஷயம் தெரிந்தும் அமிர்தவல்லி அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகி, விளக்கைப் போட்டார். அது சூடாகப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரை ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தார். பிறகு பொட்டோடேயே கிரேட்டிங்கை மாட்டி, தொலைநோக்கியை இடம் வலம் திருப்பி அளவு பார்த்தார்.

"பச்ச, பதினெட்டு டிகிரி நாப்பத்தொம்போது நிமிஷம். நீங்களே பாருங்க மேடம்."

பார்த்தேன். கோடு கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். கோணம் வருஷா வருஷம் வரும் அதே கோணம். அலைநீளம் 546 நானோமீட்டர். கிரேட்டிங்கில் சில கோடுகள் மறைந்தால் வெளிச்சம்தான் குறையும், கோணம் மாறாது. நானே நடத்துகிற பாடம். அடச்சே, எனக்கு எங்கே போயிற்று புத்தி?

மணி பதினொன்றே முக்கால். மாடிப்படியில் ஓடினேன். பிரின்சிபால் மேஜையில் என் கடிதம் ஃபைலின் மேலேயே இருந்தது. "தப்பா எழுதிட்டேன் சார்" என்று அவர் கண்ணெதிரே எடுத்துக் கிழித்தேன். கையெழுத்து விழும்வரை அங்கேயே நின்றேன்.

"ஆயிடுச்சு அமிர்தம்மா" என்றேன் கீழே வந்து.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"பதினோரு வருஷத்துல ஒருத்தர்கூட என்னை இதுல பாக்கச் சொன்னதில்ல மேடம். பசங்க போனப்புறம் நானா பாத்துக் கத்துக்கிட்டேன்."