அத்தை கொண்டு வந்த கோபப் பாட்டு

அத்தை குவைத்திலிருந்து திரும்பி வந்த அன்று, அவளுடைய பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு கசெட். சவர்க்காரம், பால்மா டின், அப்பாவுக்கு ஒரு டோர்ச், அம்மாவுக்குப் பூப்போட்ட போர்வை எல்லாம் அதற்குப் பிறகுதான். கசெட் உறையில் நான்கு ஆண்கள் அரைக் காற்சட்டை போட்டுக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டியபடி ஒரு மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேருக்கும் எங்கள் அப்பாவின் வயதிருக்கும். "கங்காணி வயசு ஆளுங்களுக்கு இது என்னா கோலம்?" என்று அம்மா கேட்டாள். அவர்கள் அமெரிக்காவில் பெயர்பெற்ற ஒரு பொப் பங்க் குழு என்பதும், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இதே காற்சட்டையோடு பாடிக்கொண்டிருப்பவர்கள் என்பதும், அது அவர்களுடைய எத்தனையாவதோ ஆல்பம் என்பதும் எனக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வந்தது. அன்று தெரிந்ததெல்லாம், அத்தை அந்தக் கசெட்டை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள் என்பது மட்டுமே.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு, இரண்டு வயது மகளை எங்கள் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டு வேலைக்குப் போனவள். திரும்பி வந்தபோது மகளுக்கு நான்கு வயது. வாசலில் நின்ற அத்தையைப் பார்த்த அந்தப் பிள்ளை, அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, "இந்த அக்கா யாரு?" என்று கேட்டது. அத்தை சிரித்தாள். பெட்டியைத் திறக்கும் சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தாள். இனிப் போவதில்லை என்று அவள் முடிவெடுத்தது அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எங்கள் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்ட ஆள் தேவைப்படவில்லை. பழைய ஆயம்மா ஓய்வு பெற்றதால் பிள்ளைக் காம்பராவில் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. "ஒரு மாசம் பாத்துக்கம்மா. புதுசா பெயின்ட் அடிச்சுத் தெறக்கிற அன்னிக்கித் தொரை வருவாரு, பாத்திட்டு முடிவு சொல்லுவாரு" என்றார் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர். தோட்ட மேனேஜரான துரைக்குப் பிடிக்காவிட்டால் மறுபடி குவைத்துதான். யட்டியாந்தோட்டை டவுனிலிருந்த ஏஜென்ட் அதற்கான பத்திரங்களை ஏற்கெனவே தயாராக வைத்திருந்தார்.

நான் அந்த வருடம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை அடக்கத்தோடு சொல்லிப் பழக்கமில்லை, இப்போதும் வராது. ஆங்கிலத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தேன் என்பதை அப்பா யட்டியாந்தோட்டை பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடச் சொல்லிவிட்டார். ஆகவே அத்தை வந்த அன்று பின்னேரம், அவள் கொண்டு வந்த டேப் ரெக்கோர்டரில் அந்தக் கசெட் ஓடத் தொடங்கி, எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில், வரிசை வீடுகளான லயத்துச் சனம் பாதி கூடியபோது, எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியது இயல்புதான்.

அப்படியொரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. இறப்பர் ஸ்டோரில் ஷீட் அழுத்தும் நான்கு ரோலர்களை ஒரே நேரத்தில் யாரோ வெறிபிடித்துச் சுற்றுவதுபோல் கிட்டார். அதன்மேல் மூக்கடைத்த குரலில் ஒருவர், பின்னால் நாய் துரத்துவதுபோல மூச்சுவிடாமல் பாடுகிறார். எனக்கு ஒரு சொல், ஒரே ஒரு சொல்கூட விளங்கவில்லை. அதைவிடக் கொடுமை, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை, ஆங்கிலத்தில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத அத்தை, அந்தப் பாட்டை ஓர் எழுத்துப் பிசகாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டுப் பெண்பிள்ளை தினமும் போட்ட கசெட்டாம். இரண்டு வருடம் துணி தேய்த்தபடி கேட்டதில் அத்தனையும் பாடமாகிவிட்டது.

"என்னம்மா சொல்றாங்க?" என்று அப்பா கேட்டார். ஊரே கேட்டது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "பெத்தவங்க சொல்றதக் கேளுங்க, ஸ்கூலுக்கு ஒழுங்காப் போங்கன்னு சொல்றாங்கப்பா" என்றேன். சனம் தலையாட்டியது. அடுத்த பாட்டு வந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் பரீட்சைக்குப் பாடமாக்கிய கட்டுரைகள்தான். ஆகவே இரண்டாம் பாட்டு காடுகளைப் பாதுகாப்பது பற்றியதாயிற்று. மூன்றாவது, டெங்கு நுளம்பு பெருகாமல் தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பது பற்றி. நான்காவது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது.

"அதுக்கு எதுக்குங்க இப்பிடிக் கத்துறான்?" என்று பக்கத்துக் காம்பரா அண்ணன் கேட்டார்.

"சொன்னா கேக்குற சனமா நாம? கத்தித்தான் சொல்லணும்" என்று அப்பா அவரை அடக்கினார். பதினான்கு பாட்டுக்கும் பதினான்கு கட்டுரை சொல்லி முடித்தபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது. அத்தை மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் துணி மடிப்பதைத் தொடர்ந்தாள்.

பிள்ளைக் காம்பராவுக்கு அத்தை அந்தக் கசெட்டையும் கொண்டு போனாள். அங்கே அது ஓர் அற்புதம் செய்தது. திரிபோஷா சத்துமா உருண்டையைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் பிள்ளைகள், முதல் பாட்டு தொடங்கியதும் குதிப்பார்கள். குதித்தால் வாய் திறக்கும். திறந்த வாயில் அத்தை உருண்டையை வைத்துவிடுவாள். இரண்டு வாரத்தில் பிள்ளைகளுக்கு முதல் பாட்டு முழுவதும் பாடம். அத்தையின் மகள்தான் எல்லோரையும்விட உயரமாகக் குதித்தாள். ஆனால் பாட்டு முடிந்ததும் எங்கள் அம்மா வரும் திசையைப் பார்த்துக் கதவருகே போய் உட்கார்ந்துகொள்வாள். "வா தங்கம்" என்று அத்தை கூப்பிட்டால் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் அந்த வழியாகப் போன பெரிய கிளாக்கர் ஜன்னலருகில் நின்று கேட்டார். கண்ணை மூடித் தலையாட்டினார். "கிளாஸ் இங்கிலீஷ்!" என்றார். "தொரைக்கு வரவேற்புப் பாட்டு இதுதான். நம்ம புள்ளைங்க இங்கிலீஷ்ல பாடுறதக் கேட்டு அவரு அசந்துருவாரு." அவருக்கும் ஒரு சொல்கூட விளங்கவில்லை என்பது எனக்கு இப்போது புரிகிறது. ஆனால் தோட்டத்து ஆங்கிலக் கடிதமெல்லாம் எழுதுகிற கிளாக்கர் தெரியாது என்று சொல்வாரா? நானே சொல்லவில்லையே. மேலும், ஆங்கிலத்தில் கெட்ட பேச்சு இருக்க முடியும் என்று எங்கள் லயத்தில் யாருமே நம்பியதில்லை. துரை திட்டுவதென்றால்கூடச் சிங்களத்தில்தான் திட்டுவார்.

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பாட்டை அழகாக ஒரு மட்டையில் எழுதி மாட்டும்படி கிளாக்கர் என்னிடம் சொன்னார். அத்தையிடம் கேட்டேன். அவள் கடவுச்சீட்டுக்குள்ளிருந்து, எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துத் தந்தாள். கசெட் உறையோடு வந்த காகிதம் அது. மிகச் சிறிய எழுத்தில் எல்லாப் பாட்டுகளும் அச்சாகியிருந்தன. அகராதியோடு உட்கார்ந்தேன். முதல் பாட்டு சொன்னது இதுதான்: உன் வேலைக்கு நான் வரமாட்டேன்; உன் நாற்காலியை நீயே வைத்துக்கொள்; உன் மணிக்கூட்டை உடைப்பேன்; இந்த நாறிப்போன ஊரை விட்டுப் போவேன். கடைசி வரியில் முதலாளியை ஒரு மிருகத்தோடு ஒப்பிட்டிருந்தார்கள். பதினான்கு பாட்டையும் தேடினேன். நுளம்பு எங்கேயும் இல்லை.

அத்தை பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"தெரியும் புள்ள."

"என்னா தெரியும்?"

"அந்த வூட்டுப் புள்ள அப்பன்கூடச் சண்டை போட்டுட்டு, கதவ அடிச்சுச் சாத்திக்கிட்டு இதப் போடும். உள்ள உக்காந்து அழும். ரெண்டு வருசம் பாத்தேன். பாஷ தெரியாட்டி கோவங்கூடவா தெரியாது? அது போடுறப்ப நானும் கூடவே பாடுவேன். எனக்கும் கோவம் இருந்துச்சில்ல."

"அப்ப அன்னிக்கே ஏன் அத்த சொல்லல?"

"ஒங்கப்பன் மொகத்தப் பாத்தேன். நீ சொல்லச் சொல்ல அது பூரிச்சுக்கிட்டே போச்சு. தண்ணியக் கொதிக்கவைக்கச் சொல்றான்னியே, அப்பதான் எனக்குச் சிரிப்ப அடக்க முடியல."

பிறகு அவள் சிரிப்பு நின்றது. "தொரைக்கு வெளங்குமா?" என்று கேட்டாள். விளங்கும் என்றேன். அவள் குடத்தை மறுபடி பீலிக்குக் கீழே வைத்தாள். "இப்பதான் என் கையால ரெண்டு வாய் சோறு வாங்குறா" என்றாள். யாரைச் சொன்னாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பிறகு, "நீதான இங்கிலீசு படிச்சவ? மாத்து" என்றாள்.

மாற்றினேன். ஆங்கிலத்தில் நானாக எழுதிய முதல் வரிகள் அவை. கை கழுவுவோம், பால் குடிப்போம், பெரியவர்களை வணங்குவோம், எங்கள் தோட்டம் அழகானது. அந்தக் காட்டுக் கூச்சல் மெட்டுக்குள் அந்த வரிகளைத் திணிப்பதற்கு நான் பட்ட பாடு பரீட்சைக்கும் பட்டதில்லை. மூன்று நாளாக அத்தையும் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். ஒழுங்காகத்தான் பாடினார்கள். குதிக்க மட்டும் விடவில்லை.

துரை வந்தார். நாடா வெட்டினார். வெள்ளைச் சட்டையில் கிளாக்கர், சலவைச் சாரத்தில் அப்பா, ஜன்னல் நிறையச் சனம். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினார்கள். கை கழுவினார்கள், பால் குடித்தார்கள். துரை புன்னகைத்தார். பெரியவர்களை வணங்கும் வரி வந்தபோது, கடைசி வரிசையில் ஒரு பயல் பொறுக்க முடியாமல் ஒரு குதி குதித்தான். அவ்வளவுதான். எல்லாக் கால்களும் எழும்பின. கால்கள் எழும்பியதும் வாய்களுக்குப் பழைய வரிகள் வந்துவிட்டன. வரமாட்டேன், உன் வேலைக்கு வரமாட்டேன்! அத்தையின் உச்சரிப்பு. அந்தக் காற்சட்டைக்காரர்களே வந்து பாடினாலும் அத்தனை தெளிவாக இருந்திருக்காது. கடைசி வரியில் மிருகத்தையும் விடவில்லை.

துரையின் புன்னகை அப்படியே நின்றுபோயிற்று. கையை உயர்த்தினார். பிள்ளைகள் நிறுத்தினார்கள். இவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிளாக்கர் என் முதுகில் கை வைத்து என்னை முன்னே தள்ளினார்; அந்த ஒரு விஷயத்தில் அவர் மிகவும் வேகம்.

துரையோடு நான் பேசிய முதல் ஆங்கிலம் அது. இலக்கணத்தை யோசிக்க நேரமில்லை. இது கோபக்காரப் பாட்டு, ஐயா, என்றேன். உங்கள் வேலைக்கு வரமாட்டோம் என்று பாடுகிறார்கள். நல்ல பாட்டென்று எல்லோரிடமும் சொன்னது நான், அது பொய், எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. என் அத்தை மேல் தவறில்லை. இந்தப் பாட்டைப் போட்டால் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள்.

துரை என்னைப் பார்த்தார், கிளாக்கரைப் பார்த்தார், பிறகு குனிந்து, முன்னால் நின்ற பிள்ளையிடம், "வேலைக்கு வரமாட்டாயா?" என்று சிங்களத்தில் கேட்டார். அது அத்தையின் மகள்.

"பே!" என்றாள் அவள். முடியாது என்பதற்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நடக்கக் கற்கும் முன்பே கற்றுக்கொள்ளும் சிங்களச் சொல் அது. சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. திரும்பி ஓடினாள். ஜன்னலோரம் நின்ற எங்கள் அம்மா கையை நீட்டினாள். பிள்ளை அதைத் தாண்டி ஓடி, அத்தையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அத்தை அசையாமல் நின்றாள். துரை சிரிக்கத் தொடங்கியதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. வேறு பாட்டு ஒன்றும் தெரியாதா என்று அவர் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"தெரியுங்க ஐயா" என்று சிங்களத்திலேயே சொன்னாள் அத்தை. "இன்னும் பதிமூணு இருக்கு."

அந்தப் பதின்மூன்றையும் தாம் இருக்கும்போது பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிளாக்கரிடம் அத்தையின் பெயரைப் பதியச் சொன்னார். அத்தை இன்றைக்கும் அங்கேதான் ஆயம்மாவாக இருக்கிறாள். அவள் மகள் இப்போது பத்து வயதுக்காரி. கதவை அடித்துச் சாத்தவும் பழகிவிட்டாள். நான் ஆங்கில ஆசிரியைக்கான பயிற்சியில் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம். அன்று நான் சொன்ன உண்மை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. துரையையும் கிளாக்கரையும் தவிர அது யாருக்கும் விளங்கவில்லை. கிளாக்கர் வாயே திறக்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம், தன் மகள் துரையின் முகத்தைப் பார்த்துத் தடுமாறாமல் ஆங்கிலம் பேசினாள், துரை சிரித்தார், தங்கைக்கு வேலை கிடைத்தது என்பதுதான். "என்னா பேச்சு! தொரையே வாயடைச்சுப் போயிட்டாரு" என்று அவர் ஆறு வருடமாகச் சொல்லி வருகிறார். கொதித்த தண்ணீர்தான் குடிக்கிறார். சிரட்டை ஒன்று மல்லாந்து கிடக்கக் கண்டால் கவிழ்த்து வைக்கிறார். அமெரிக்காக்காரனே பாட்டாகச் சொல்லியிருக்கிறானாம்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. இந்தக் கதை அச்சில் வந்ததும், என் பெயரை யாரோ காட்டிக் கொடுப்பார்கள். அவர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார். லயத்துச் சனத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருவார். "என்னம்மா எழுதியிருக்க? வாசி" என்பார். ஓர் எழுத்தையும் மாற்றாமல் வாசிப்பதாக இருக்கிறேன்.